நோயில் சாகாத குடும்பம்

1

இக்கதை என் கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறப்பை மறைத்துக்கொண்டு தொடங்கும் கதைகள் பாதி வழியில் மாட்டிக்கொள்ளும். பிறப்பு வழிப்பட்ட நோய்களைப் பற்றிய கதைக்கு அந்த ஒளிவுமறைவு சற்றும் பொருந்தாது.

என் தம்பி மகள் ஒரு மருத்துவமனையில் மரபியல் ஆலோசகராக இருக்கிறாள். குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வரும் நோய்களை இனங்காண்பதும், அவற்றைப் பற்றி நோயாளிக்கும் மருத்துவருக்கும் செவிலியருக்கும் விளங்கும்படி சொல்வதும் அவள் தொழில். அம்மருத்துவமனையின் கல்விக் குழு பொதுமக்களுக்காக ஒரு கையேடு அச்சிட இருந்தது. அதைப் பிழைதிருத்தித் தரும்படி என்னிடம் கொண்டுவந்தாள். நான் அதைச் சிவப்பு மையில் குளிப்பாட்டினேன். வல்லினம் மிகவேண்டிய இடத்தில் மிகவில்லை; மிகக்கூடாத இடத்தில் கூட்டமாக வந்து நின்றது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். கடைசிப் பக்கங்களில் குழுவினர் சேர்த்திருந்த மாதிரிக் கதையைத்தான் பொறுக்க முடியவில்லை. அதில் ஒரு தாய், பிள்ளைக்கு வந்திருப்பது பரம்பரை நோய் என்று கேட்டவுடன், "எந்தப் பிறவியில் செய்த பாவமோ" என்று அழுகிறாள். மருத்துவர் வருகிறார், புன்னகைக்கிறார், பிள்ளை பிழைக்கிறது. கற்பிக்க வந்த கையேட்டில் யாரும் எதையும் கற்கவில்லை.

"இது கதையாம்மா? இதப் படிக்கிறவன் மரபணுன்னா ஏதோ பாவ மூட்டைன்னுல்ல நெனப்பான்?"

"அப்ப நீங்களே எழுதிக் குடுங்க பெரியப்பா. ஆனா குழு ஒரு நிபந்தனை போட்டிருக்கு. கதையில சாவு வரக் கூடாதாம். ஜனங்க பயந்துடுவாங்களாம்."

"சாவே இல்லாம ஒரு குடும்பத்தோட வரலாற எப்படி எழுதறது?"

"எனக்கென்ன தெரியும்? நான் எழுதறதில்ல. கேட்டுக் கேட்டுப் படம் போடறேன். நீங்கதான் வாத்தியார்."

தாள்களை உதறி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்த வாரம் என் வீட்டு வாசலில், தோளில் கைப்பையும் முகத்தில் கண்டிப்புமாக ஓர் அம்மையார் வந்து நின்றார்.

"நீங்கதான் கதை தேடற சாரா? உங்க தம்பி பொண்ணு ஒண்ணும் சொல்லல. கதை தேடறாருன்னு மட்டும் சொன்னா. என் கதைய எழுதுங்க. ஆனா அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தாளையும் எனக்குக் காட்டணும்."

அவர் அம்மருத்துவமனையின் தலைமைச் செவிலி. இனி வரும் பக்கங்களில் பகர அடைப்புக்குள் வருபவை என் தயக்கங்களும் அவருடைய மறுப்புகளும். அடித்த வரிகள் சிலவற்றை அழிக்காமல் விட்டிருக்கிறேன். மாணவன் போட்ட கணக்கில் விடையை மட்டும் பார்த்து மதிப்பெண் போடும் வழக்கம் எனக்கு என்றும் இருந்ததில்லை. வழியையும் காட்ட வேண்டும்.

2

முதல் தொடக்கம்: "கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்பிய அவ்வேளையில், மருத்துவமனையின் நெடிய மாடத்தில்"

[அடித்துவிட்டேன். வகுப்பு நடந்தது பிற்பகலில், சன்னல் இல்லாத அறையில். கதிரவனுக்கு அங்கே வேலை இல்லை. நெடிய மாடமும் இல்லை. மருந்துப் பெட்டிகள் அடுக்கிய நடைவழிதான் உண்டு.]

இரண்டாம் தொடக்கம்: "மனித உடலின் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் தாய் தந்தையர் இருவரிடமிருந்தும் பெற்ற செய்திகள் சுருட்டி வைக்கப்பட்டுள்ளன."

[இதைப் படித்துக் காட்டியபோது என் தம்பி மகள், "கொட்டாவி வருது பெரியப்பா" என்றாள். அவள் கையேட்டின் நான்காம் பக்கத்திலிருந்து எடுத்த வாக்கியம் அது என்று சொன்னேன். கொட்டாவியைப் பாதியில் மூடிக்கொண்டாள்.]

மூன்றாம் தொடக்கம்: "தலைமைச் செவிலிக்கு அந்த வகுப்பு பிடிக்கவில்லை."

இது நிற்கட்டும். எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே ஒரு சண்டையும் இருக்கிறது. கதைக்கு வேறென்ன வேண்டும்?

3

தலைமைச் செவிலிக்கு அந்த வகுப்பு பிடிக்கவில்லை. அறிவிப்புப் பலகையில், "மரபியல் வகுப்பு: மருத்துவர், செவிலியர் அனைவரும் வருக" என்று ஒட்டியிருந்த தாளை அவர் நின்று படித்தார். பிறகு, பக்கத்தில் ஊசிமருந்துத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த இளஞ்செவிலியிடம் சொன்னார்:

"கட்டில் எத்தனை, கை எத்தனைன்னு இவங்களுக்குத் தெரியுமா? சலைன் மாத்த ஆள் இல்ல. இதுல பரம்பரையப் பத்தி உக்காந்து கேக்கணுமாம்."

வார்டில் அவருக்குப் 'பூட்டு' என்று பட்டப்பெயர். மருந்து அலமாரி, துணி அலமாரி, சோதனை அறைகள் எல்லாவற்றின் சாவியும் அவர் இடுப்பில்தான் தொங்கும். பார்வையாளர் நேரம் முடிந்தபின் ஒரு தடவை அவர் திரும்பிப் பார்த்தால் போதும். சொந்தக்காரர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பார்கள்.

[அவருடைய மறுப்பு: "பூட்டுன்னு கூப்பிடறாங்களா? யாரு?" நான் சொல்லவில்லை. "சரி, இருக்கட்டும். திறந்த வீடு மாதிரின்னு சொல்றதுக்கு இது தேவலாம்."]

அவருக்கு அந்த வகுப்பின்மேல் இருந்த வெறுப்புக்கு வேலைப்பளு மட்டும் காரணம் இல்லை. அவர் குடும்பத்துக்கு ஒரு பெருமை இருந்தது. "எங்க வீட்டுல யாரும் நோயில சாகல" என்பது அவர்கள் வீட்டு வாசகம். கல்யாணம் பேச வருகிறவர்களிடம் சொல்வார்கள். சண்டையில் சம்பந்திகளிடமும் சொல்வார்கள். படுக்கையில் கிடந்து, பிறர் கையால் கஞ்சி குடித்து, இழுத்துக்கொண்டு போகிற சாவு அவர்கள் பரம்பரையிலேயே கிடையாது. அவர்கள் உணர்ச்சியில் போகிறவர்கள்.

அவருடைய அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, பிள்ளைப் பாசத்தில் போனவர். தலைப்பிள்ளை பிறந்து மாதம் ஒன்றுதான் ஆகியிருந்தது. விடியற்காலையில் தொட்டிலில் குழந்தை வீறிட்டது. அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தவர் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார். கை தொட்டிலை நோக்கி நீண்டது. நீண்ட கை நீண்டபடியே இருக்க, சாய்ந்துவிட்டார். "அவ்வளவு பாசம் அந்த நெஞ்சு தாங்கல" என்று இன்றும் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

சித்தப்பா மானத்தில் போனவர். நிலவழக்கில் தீர்ப்பு வரும் நாள். தொலைபேசிக்குப் பக்கத்தில் சாய்வு நாற்காலியைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார். செய்தி வந்தது. தோற்றுவிட்டோம் என்று கேட்ட மாத்திரத்தில் உயிரை விட்டார். "மானஸ்தன்யா" என்றது ஊர்.

அப்பா கடமையில் போனவர். நூற்பாலையில் இயந்திரம் ஓட்டினார். ஒரு நாள் உணவு இடைவேளையில் பஞ்சு மூட்டைமேல் தலைசாய்த்திருந்தபோது தீ எச்சரிக்கைச் சங்கு ஊதியது. மற்றவர்கள் வாசலை நோக்கி ஓட, அவர் தம் இயந்திரத்தை நோக்கி ஓடினார். பாதி தூரத்தில் விழுந்தார். ஆலை நிருவாகம் அவருடைய படத்தை அலுவலகத்தில் மாட்டியிருக்கிறது.

இந்த மூன்று சாவுகளையும் நான் ஆசையாகத்தான் எழுதினேன். எழுதி முடித்துப் படித்தபோது என் கண்ணே கலங்கியது. அந்தக் கண்ணீரைப் பற்றிப் பிறகு பேச வேண்டியிருக்கிறது.

4

வகுப்பறையில் முன்வரிசை காலியாக இருந்தது. எந்த நாட்டு வகுப்பறையிலும் அப்படித்தான் இருக்கும். பின்வரிசையில் பொது மருத்துவர் ஒருவர், பயிற்சி மருத்துவர்கள் சிலர், அவர்களுக்கு முன்னே செவிலியர். தலைமைச் செவிலி கதவோரத்தில் உட்கார்ந்தார், எழுந்து போக வசதியாக.

"பட்டாணிச் செடி வருமா மேடம்?" என்று கேட்டார் பொது மருத்துவர். "உருண்டைப் பட்டாணி, சுருங்கின பட்டாணி வரைக்கும் நான் அந்தக் காலத்துல முழு மார்க்கு."

அறை சிரித்தது. ஆலோசகரும் சிரித்தாள்.

"பட்டாணி வராது சார். உங்க வீட்டு ஆளுங்கதான் வருவாங்க. யாராவது ஒருத்தர் வந்து உங்க குடும்பத்தச் சொல்லுங்க, நான் பலகையில வரையறேன். ஆண்னா கட்டம், பெண்னா வட்டம். இறந்தவங்க மேல ஒரு கோடு. நோய் இருக்கறவங்களுக்கு உள்ளே மை அடிக்கணும். அவ்வளவுதான்."

ஒருவரும் எழவில்லை. தலைமைச் செவிலி கடிகாரத்தைப் பார்த்தார். இப்படியே போனால் வகுப்பு முடியாது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"என் குடும்பத்த வரைங்க. சீக்கிரம் முடிஞ்சுடும். எங்க வீட்டுல யாரும் நோயில சாகல. மையே செலவாகாது உங்களுக்கு."

"அப்படியா சிஸ்டர்? சொல்லுங்க. நான் மூணே கேள்விதான் கேப்பேன். என்ன உறவு, என்ன வயசு, அந்த நேரத்துல என்ன பண்ணிட்டிருந்தாங்க."

"எதனாலன்னு கேக்க மாட்டீங்களா?"

"அத நீங்க சொல்லாதீங்க. அதுதான் இந்த விளையாட்டு."

தலைமைச் செவிலி அத்தையில் தொடங்கினார். "பிள்ளப் பாசத்துல" என்று வாயெடுத்தவரை ஆலோசகர் விரலை உயர்த்தி நிறுத்தினாள். இருபத்திரண்டு வயது. குழந்தை அழுகிற சத்தம் கேட்டுத் தூக்கத்திலிருந்து எழுந்தார். வட்டம், அதன்மேல் ஒரு கோடு. பக்கத்தில், 'சத்தம்' என்று ஒரு சொல்.

"அடுத்து?"

"சித்தப்பா. முப்பத்தஞ்சு. போன்ல தீர்ப்பு கேட்டுட்டு…"

"போன எடுத்துக் கேட்டாரா?"

"ஆமா, கேட்டுட்டுத்தான்…"

"அவரே எடுத்தாரா சிஸ்டர்?"

தலைமைச் செவிலி யோசித்தார். இத்தனை வருடங்களாக ஆயிரம் முறை சொன்ன கதை. அதில் இந்தக் கேள்வி எங்கும் வந்ததில்லை.

"இல்ல. எங்கம்மாதான் எடுத்தாங்க. இவர் விழுந்த சத்தம் கேட்டு உள்ளேருந்து ஓடி வந்து, அப்பவும் மணி அடிச்சிட்டே இருந்துச்சுன்னு சொல்லுவாங்க."

"அப்ப தீர்ப்பு அவருக்குத் தெரியாது."

"…தெரியாது."

கட்டம், ஒரு கோடு. பக்கத்தில் மறுபடியும் 'சத்தம்'. பின்வரிசையில் ஒரு பயிற்சி மருத்துவர் கையிலிருந்த செல்பேசியைக் கவிழ்த்து வைத்தார். பொது மருத்துவர் சாய்ந்திருந்த முதுகை நிமிர்த்தினார்.

அப்பாவின் கதையைத் தலைமைச் செவிலி மிக மெதுவாகச் சொன்னார். நாற்பத்தொன்று. தூக்கம். சங்கு.

"தீ பெருசா சிஸ்டர்?"

"தீயே இல்ல. சங்கு சரியா ஊதுதான்னு பாத்திருக்காங்க."

மூன்றாம் முறை அச்சொல்லை எழுதும்போது ஆலோசகரின் கை தயங்கியதாகச் சொல்கிறார்கள். அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது. நிறுத்திவிடலாமா என்று நினைத்தாளாம். ஆனால் வாய், பழக்கத்தில், அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டது.

"உங்க தலைமுறைக்கு அப்புறம்?"

"அண்ணனுக்கு ரெண்டு பசங்க. எனக்கு ஒரே பொண்ணு. எல்லாரும் நல்லா இருக்காங்க. பொண்ணுக்கு மட்டும் சின்ன வயசுலேருந்து வலிப்பு. காலையில அலாரம் அடிச்சா சில நாள்…"

அந்த வாக்கியம் முடியவில்லை. நான் முடித்து எழுதிப் பார்த்தேன். முடித்தால் பொய்யாகிறது.

இவ்விடத்தில் நான் மூன்று வடிவங்கள் எழுதினேன். முதலாவதில் என் தம்பி மகள் கம்பீரமாகத் திரும்பி நோயின் பெயரை அறிவித்தாள். "நான் அப்படிப்பட்டவளா பெரியப்பா?" என்று கேட்டாள், அடித்தேன். இரண்டாவதில் பொது மருத்துவர் எழுந்து தம் அறியாமைக்கு வருந்தினார். அவர் வருந்தவில்லை, அதையும் அடித்தேன். நடந்தது இதுதான்: தலைமைச் செவிலி பலகைக்கு நடந்து வந்தார். ஆலோசகரின் கையிலிருந்த மைக்கோலை வாங்கினார். கடைசி வரிசையில் தம் மகளுக்கு வரைந்திருந்த வட்டத்தைப் பார்த்தார். பிறகு, ஊசி போடும்போது கை நடுங்காத அந்தச் செவிலி, கை நடுங்காமலே அந்த வட்டத்துக்குள் மை அடித்தார். ஓரம்வரை, வெள்ளை தெரியாமல்.

[அவர் மறுப்பு: "'கண்ணீர் வழிய'ன்னு போட்டிருக்கீங்க. நான் அழல சார். வேலை இருந்துச்சு." அச்சொற்களை நீக்கினேன்.]

"ஈசிஜி ரூம் சாவி யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டார் தலைமைச் செவிலி.

சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது.

5

இங்கே கதையைச் சற்று நிறுத்துகிறேன். அவசரமுள்ளவர்கள் ஆறாம் பகுதிக்குப் போகலாம். மகள் நலமாக இருக்கிறாள்.

இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் பின் அடுத்த துடிப்புக்குத் தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்கிறது. சில குடும்பங்களில், பிறவியிலேயே, அந்த ஆயத்தம் சற்று நீள்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சிறு நீட்சி ஈசிஜி என்னும் மின்வரைபடத்தில் மட்டும் தெரியும். அந்நேரத்தில் திடீரென்று ஒரு பேரொலி எழுந்து அதிர்ச்சி தாக்கினால், இதயம் தாளம் தப்புகிறது. சிலர் மயங்கி விழுந்து எழுகிறார்கள். விழுகிறபோது கைகால் இழுப்பதால் அது வலிப்பென்று கருதப்படுகிறது. சிலர் எழுவதில்லை. தாய்க்கோ தந்தைக்கோ இது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர, சுண்டிவிட்ட காசில் தலை விழுவதற்கு உள்ள அதே வாய்ப்பு. வந்தும் வாழ்நாள் முழுதும் வெளியே காட்டாதவர்களும் உண்டு. தலைமைச் செவிலி அவர்களில் ஒருவர். இதற்கு மாத்திரை உண்டு. தேவைப்படுவோருக்குக் கருவியும் உண்டு. தெரியாமல் இருப்பதற்கு மட்டும்தான் மருந்தில்லை.

என் கோபத்துக்கு வருகிறேன். மருத்துவமனையில் நோயாளியைச் சேர்க்கும்போது, "உங்க குடும்பத்துல யாருக்காவது இதய நோய் உண்டா?" என்று கேட்கிறார்கள். இல்லை என்கிறார்கள். இருவருமே உண்மையாகத்தான் நடந்துகொள்கிறார்கள். ஆனால் குடும்பங்கள் நோய்களை நினைவில் வைத்துக்கொள்வதில்லை, கதைகளைத்தான் வைத்துக்கொள்கின்றன. பாசத்தில் போனாள், மானத்தில் போனான், கடமையில் போனார். இவ்வளவு நல்ல கதைகள் இருக்கும்போது நோய்க்கு யார் இடம் கொடுப்பார்கள்? கதை எவ்வளவு அழகோ, அவ்வளவு ஆழமாகப் புதைகிறது காரணம். மூன்றாம் பகுதியில் என் கண்ணைக் கலங்கவைத்த அழகு அதுதான். தமிழ் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அடைமொழி ஓர் அருமையான பொருள். ஆனால் ஒரு கட்டத்துக்கும் ஒரு வட்டத்துக்கும் அடைமொழி போட முடியாது. அதனாலேயே அப்பலகையில் மூன்று சாவுகள் முதன்முறையாக ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

ஆகவே நோயாளியிடம் கேட்கும் கேள்வியை மாற்ற வேண்டும். அதைக் கேட்கும் மருத்துவருக்கும் செவிலியருக்கும், ஏன் மாற்றவேண்டும் என்று கற்பிக்க வேண்டும். பட்டாணியோடு நின்றுவிட்ட பாடத்தைத் தொடர வேண்டும். இதைச் செய்யும் ஒருத்தி என் வீட்டுப் பிள்ளை என்பதை எழுதும்போது என் எழுத்து சற்று சாய்கிறது. சாயட்டும்.

6

அன்றே மகளைக் கல்லூரியிலிருந்து வரவழைத்தார்கள். இதய மருத்துவர் மின்வரைபடத்தாளின்மேல் அளவுகோலை வைத்தார். மறுபடி வைத்தார். மூன்றாம் முறை வைக்கவில்லை. மாத்திரை எழுதினார், மரபணுச் சோதனைக்கும் எழுதினார். இத்தனை வருடம் விழுங்கிய வலிப்பு மாத்திரைகளைப் படிப்படியாக நிறுத்துவதைப் பற்றி மூளை மருத்துவரிடம் பேசுவதாகச் சொன்னார்.

மகளுக்குப் பத்தொன்பது வயது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தாயைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப காலையில எனக்கு அலாரம் வைக்கக் கூடாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரா?"

"ஆமா."

"நீயும் கத்தி எழுப்பக் கூடாது."

"…ஆமா."

"கட்டில் பக்கத்துல சில்வர் தட்டக் கீழ போட்டுச் சத்தம் பண்ணக் கூடாது. இத்தன வருஷமா என்னக் கொல்லப் பாத்திருக்கியேம்மா!"

இதய மருத்துவர் சிரிப்பை அடக்கத் தாளைப் பார்த்தார். தலைமைச் செவிலியால் சிரிக்க முடியவில்லை. வெளியே நடைவழியில் ஆலோசகரைத் தனியே அழைத்துக்கொண்டு போய்க் கேட்டார்:

"எங்கப்பாகிட்டருந்து எனக்கு, என்கிட்டருந்து அவளுக்கு. அப்படித்தான? நான்தான் குடுத்தேன்."

"குடுக்கறதுன்னா, எதக் குடுக்கலாம்னு நீங்க பாத்து எடுத்திருக்கணும் சிஸ்டர். நீங்க எடுக்கல. அது தானாப் போச்சு. நீங்க பாத்து எடுத்துக் குடுத்தது ஒண்ணே ஒண்ணுதான்: இன்னிக்குப் பலகையில அடிச்ச மை."

[தம்பி மகளின் மறுப்பு: "இவ்வளவு அழகா நான் சொல்லல." தலைமைச் செவிலியின் மறுப்புக்கு மறுப்பு: "சொன்னா. நான் பக்கத்துல இருந்தேன்." பெரும்பான்மைப்படி நிற்கிறது.]

நியாயமாக இன்னொன்றையும் எழுத வேண்டும். அன்று மாலை என் தம்பி மகள் தன் அறையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஊரே பார்க்க ஒருவருடைய குடும்பத்தைப் பலகையில் விரித்துப் போட்டது தவறு என்று அவளுக்குப் பட்டது. நன்மையில் முடிந்ததால் தவறு சரியாகிவிடாது என்றாள். அன்றுமுதல் அவள் வகுப்பில் வரைவது கற்பனைக் குடும்பம். சொந்தக் குடும்பத்தை அவரவர் தம் தாளில், கைமறைத்து வரைந்துகொள்ளலாம்.

தலைமைச் செவிலி தம் வார்டில் சேர்க்கைக் கேள்வியை மாற்றிவிட்டார். "சின்ன வயசுல திடீர்னு யாராவது தவறினாங்களா? அப்ப என்ன பண்ணிட்டிருந்தாங்க?" அடுத்த வார்டுகள் அதைப் பார்த்து எடுத்துக்கொண்டன. ஆலோசகரின் வகுப்பில் இப்போது முன்வரிசைதான் முதலில் நிரம்புகிறது. அங்கே உட்காருகிறவர் பொது மருத்துவர். அவரை எல்லாரும் 'பட்டாணி டாக்டர்' என்கிறார்கள், அவரும் திரும்பிப் பார்க்கிறார்.

7

இங்கேயே முற்றுப்புள்ளி வைத்திருந்தால் கல்விக் குழு மகிழ்ந்திருக்கும். ஆனால் பலகையில் இன்னும் இரண்டு கட்டங்கள் வெள்ளையாக இருந்தன: அண்ணனின் மகன்கள். அண்ணனின் கட்டமும் வெள்ளைதான்.

[அண்ணனின் அனுமதி, தங்கை வழியாக: "என் கோவத்த எழுதிக்கட்டும். வீட்டுல நடந்த பேச்சையும் எழுதிக்கட்டும். என் ரிப்போர்ட்ட எழுதக் கூடாது."]

அண்ணனும் அப்பா வேலை பார்த்த அதே ஆலையில்தான் மேற்பார்வையாளர். தங்கை போனபோது கூடத்தில் உட்கார்ந்து வேலைக்குப் போடும் காலணிக்கு மெருகேற்றிக்கொண்டிருந்தார். சுவரில் அப்பாவின் படம்.

"அண்ணே, ஒரு விஷயம். கோவப்படாம கேக்கணும்."

"நீ இப்படி ஆரம்பிச்சாலே எனக்குக் கோவம் வரும். சொல்லு."

சொன்னார். அண்ணனின் கையிலிருந்த தூரிகை நின்றது.

"அப்பா மெஷினக் காப்பாத்த ஓடுனவரு. ஆலையில படம் வெச்சிருக்கான். புதுசா வேலைக்குச் சேர்றவனுக்கு அதக் காட்டித்தான் பேசறான். நீ என்னடான்னா நாலு கட்டத்தப் போட்டு, அவரு வியாதிக்காரருங்கற."

"நான் அவரச் சின்னதாக்கலண்ணே."

"வேற என்ன பண்ற? அத்தைக்குப் பாசமில்ல, சித்தப்பாவுக்கு மானமில்ல, அப்பாவுக்குக் கடமையில்ல. எல்லாருக்கும் ஒரே வியாதி. நம்ம குடும்பத்துல மிச்சம் என்ன இருக்கு?"

தலைமைச் செவிலி படத்தைப் பார்த்தார்.

"செத்தது வியாதியிலண்ணே. ஓடுனது அவரு. எல்லாரும் வாசலுக்கு ஓடும்போது மெஷினப் பாத்து ஓடுனாரே, அது எந்த வியாதியிலயும் வராது."

[இவ்வரியை நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் என் வாழ்நாளின் சிறந்த வரி என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.]

அண்ணன் நெடுநேரம் காலணியின் ஒரே இடத்தைத் துடைத்தார்.

"பசங்களுக்கு இது தெரிஞ்சே ஆகணுமா?"

"சோதிச்சுப் பாக்கணுமா வேண்டாமான்னு அவங்க முடிவு பண்ணட்டும். வளந்த பசங்க. வேண்டாம்னாலும் அது அவங்க உரிமை. ஆனா முடிவு பண்ண ஒண்ணு இருக்குன்னாவது தெரியணும்ல?"

"போயிட்டு வா. யோசிக்கிறேன்."

அதுவரை சமையலறைக் கதவில் சாய்ந்து நின்ற அண்ணி அப்போதுதான் வாய் திறந்தார்.

"யோசிக்க என்ன இருக்கு? அலாரம் அடிச்சா சின்னவன் முகம் சுண்ணாம்பா வெளுத்துப் போறத நான்தான தினம் பாக்கறேன். சோம்பேறி, எழுந்திருக்காம நடிக்கிறான்னு நீங்கதான சொல்றீங்க?"

அண்ணன் தூரிகையைக் கீழே வைத்தார்.

8

முடிவு (அ): அண்ணன் மகன்களுடன் வருகிறார். இருவர் வரைபடமும் சீராக இருக்கிறது. எல்லாரும் தேநீர் அருந்துகிறார்கள்.

[இம்முடிவைக் கல்விக் குழு விரும்பியது. காசைச் சுண்டினால் இரண்டு முறையும் பூவே விழும் என்று மக்களுக்குக் கற்பிக்கவா கையேடு போடுகிறோம்?]

முடிவு (ஆ): அண்ணன் வரவில்லை. ஒரு நாள் காலையில், சின்னவனின் அறையில் அலாரம்

[அடித்துவிட்டேன். பயமுறுத்திப் பாடம் நடத்துகிற ஆசிரியர்களை நான் என்றும் மதித்ததில்லை.]

முடிவு (இ): எனக்குத் தெரிந்த வரை மட்டும். ஒரு பிற்பகல், அண்ணன் மருத்துவமனைக்கு வந்தார். இரண்டு பக்கமும் இரண்டு மகன்கள். மூவரும் தேய்த்த சட்டை போட்டிருந்தார்கள், ஏதோ நேர்முகத் தேர்வுக்கு வந்தவர்களைப்போல. தலைமைச் செவிலி எழுந்து கூடவே போனார். ஆலோசனை அறை வாசலில் அண்ணன் தங்கையிடம், "நீ வெளிய இரும்மா. இது நாங்க பேசிக்கறோம்" என்றார். வார்டு முழுவதையும் பார்வையால் காலி செய்யும் அந்த அம்மையார் தலையாட்டிவிட்டு, நடைவழி நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நெடுநேரத்துக்குப் பின் மூவரும் வெளியே வந்தார்கள். அண்ணன் தங்கையின் தோளைத் தொட்டு, "வரேன்" என்றார். சின்னவன் அத்தையைப் பார்த்துச் சிரித்தான். அச்சிரிப்புக்கு என்ன பொருள் என்று தலைமைச் செவிலி கேட்கவில்லை.

நான் கேட்டேன். தம்பி மகளைத்தான்.

"என்னம்மா ஆச்சு?"

"அது அவங்களோடது பெரியப்பா."

"கதைக்கு முடிவு வேணும்ல?"

"கதைக்கு வேணும். அதுக்காக நான் சொல்ல முடியாது."

"பேரு போடல, ஊரு போடல. யாருக்குத் தெரியப் போகுது?"

"அவங்களுக்குத் தெரியும்."

"சரி, வாயத் திறக்க வேண்டாம். நான் கேக்கறேன், நீ தலைய மட்டும் ஆட்டு. மாத்திரை எழுதினாங்களா?"

அவள் தலை ஆடவில்லை. இமைகூட ஆடவில்லை. முப்பத்தைந்து ஆண்டுக்காலம் மாணவர் முகத்தைப் பார்த்தே விடையைக் கறந்தவன் நான். அம்முகத்திலிருந்து ஒரு சொல்லைக்கூட என்னால் கறக்க முடியவில்லை. அவள் சிறுமியாக இருந்தபோது அலமாரியில் ஒளித்து வைத்த மிட்டாய் எங்கே என்று கேட்டால் கண்ணாலேயே காட்டிக்கொடுத்துவிடுவாள். அதே கண்தான். எப்போது, யாரிடம், எத்தனை பாடுபட்டு இந்த மௌனத்தைக் கற்றாளோ! வீட்டில் பெரியவனுக்கு முன் இப்படி அசையாமல் நிற்க எங்கள் பரம்பரையில் இதற்கு முன் ஒருவருக்கும் துணிவு இருந்ததில்லை. என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த மிக மரியாதையான மறுப்பு அதுதான். அவளைச் சாப்பிட உட்காரச் சொல்லிவிட்டு, நானே பரிமாறினேன்.

ஆகவே இக்கதைக்கு என்னிடம் முடிவு இல்லை. கதவு சாத்திய அறைக்குள் ஒரு தகப்பனும் இரண்டு மகன்களும் கேட்டுக்கொண்டது அவர்களுடைய உடைமை. அந்தக் கதவை நான் தட்டமாட்டேன், நீங்களும் தட்டாதீர்கள். முடிவில்லாமல் தூக்கம் வராதவர்கள் தங்கள் வீட்டுக் கதவைத் தட்டலாம். உள்ளே விவரம் தெரிந்த யாராவது இருப்பார்கள். உங்கள் குடும்பத்தின் ஆக அழகான சாவைச் சொல்லச் சொல்லுங்கள். குறுக்கிடாமல் கேளுங்கள், அழ வேண்டிய இடத்தில் அழுங்கள். அவர்கள் சொல்லி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டபின், மெதுவாக, "அப்ப அவங்களுக்கு என்ன வயசு?" என்று…